ஐடா பி. வெல்ஸ்: செய்தியாளரா, போராளியா?

ஈயஎழுத்து எழுதியது:

அமெரிக்கக் கறுப்பினச் செய்தியாளர் ஐடா பி. வெல்ஸுக்கு 2020-ஆம் ஆண்டில், அந்நாட்டின் இதழியல் விருதுகளை வழங்கும் புலிட்சர் குழு சிறப்புப் பாராட்டு வழங்கியபோது, அவர் மறைந்து 89 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் தமிழில் அவரைப் பற்றி என் கண்ணில் பட்ட குறிப்புகளில் எல்லாம் "வீரப் பெண்மணி", "அஞ்சா நெஞ்சர்" என்ற அடைமொழிகளே முன்னால் நிற்கின்றன. துணிச்சல் இருந்தது என்பதில் ஐயமே இல்லை. ஆனால், செய்தி மேசையில் துணையாசிரியனாக நெடுங்காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில், அவர் செய்தியை எப்படித் திரட்டினார், எப்படிச் சரிபார்த்தார், எதை யாருடைய வாயால் சொல்ல வைத்தார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதைப் பேசுவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிசிசிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் 1862 ஜூலை 16 அன்று, அடிமைப் பெற்றோருக்கு அடிமையாகவே பிறந்தார். 1878-இல் பரவிய மஞ்சள் காய்ச்சல், தாய் தந்தை இருவரையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் கொண்டு போனது. எஞ்சிய பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் பிரித்து விடலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பதினாறு வயது ஐடா அதை மறுத்து, பள்ளி ஆசிரியை வேலை தேடிக்கொண்டு குடும்பத்தைக் கட்டிக் காத்தார். பிறகு டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

எழுத்துக்கு அவரை இழுத்து வந்தது ஓர் இரயில் பயணம். பெண்களுக்கான முதல் வகுப்புப் பெட்டியில் உரிய சீட்டுடன் அமர்ந்திருந்தவரைப் புகைபிடிப்போர் பெட்டிக்குப் போகச் சொன்னார் நடத்துநர். அவர் மறுத்ததும் கையைப் பிடித்து இழுத்தார். ஐடா முன் இருக்கையில் கால்களை ஊன்றிக்கொண்டு, நடத்துநரின் கையைக் கடித்துவிட்டார். இன்னும் இருவர் வந்து சேர்ந்துதான் அவரை அப்புறப்படுத்த முடிந்தது. பெட்டியில் இருந்த வெள்ளையர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 1884 இறுதியில் கீழ் நீதிமன்றம் 500 டாலர் இழப்பீடு அளித்தது. 1887-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தலைகீழாக்கி, வழக்குச் செலவையும் அவர் தலையிலேயே கட்டியது. அந்த வழக்கைப் பற்றி ஒரு திருச்சபை வார ஏட்டுக்கு அவர் எழுதியதே தொடக்கம். "ஐயோலா" என்ற புனைபெயர் விரைவிலேயே கறுப்பின ஏடுகளில் பரவியது.

நடைவண்டி எழுதியது:

ஐயா, ஒரு கேள்வி. அவர் ஏட்டில் எழுதியவர் மட்டுமா, ஏட்டை நடத்தியவரா? இரண்டும் வெவ்வேறு தொழில்கள் என்பதால் கேட்கிறேன்.

சிறகி எழுதியது:

நடைவண்டி அவர்களே, இரண்டும்தான். 1889-இல் "ஃப்ரீ ஸ்பீச்" என்னும் மெம்ஃபிஸ் ஏட்டின் மூன்றில் ஒரு பங்கை அவர் வாங்கினார். உரிமையாளர்களாக இருந்த இரு ஆண்களும் அவரை எழுத மட்டும் அழைத்தார்கள். அவர்களுக்குச் சமமான பங்காளியாகவே தவிர வேறு எவ்வகையிலும் வர மாட்டேன் என்று ஐடா சொல்லிவிட்டார். அன்றைய சூழலில் இருபத்தேழு வயதுப் பெண்ணொருத்தி வைத்த நிபந்தனை அது.

ஏட்டுத் தொழிலை அவர் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தார் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று, இளஞ்சிவப்புத் தாள். எழுத்தறிவில்லாத வாசகர்கள் பலர் "ஃப்ரீ ஸ்பீச்" கேட்டு வாங்கிப் போய், வீட்டில் படிக்கத் தெரிந்தவரை வைத்துக் கேட்பார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, விற்பனையாளர்கள் வேறு ஏட்டைக் கையில் திணித்து அனுப்பினார்கள். ஐடா செய்தது எளிய வேலை: ஏட்டை இளஞ்சிவப்புத் தாளில் அச்சிடத் தொடங்கினார். படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கலாம். வாசகரை இவ்வளவு அருகில் வைத்துப் பார்த்த பதிப்பாளர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்?

1891-இல் மெம்ஃபிஸ் கறுப்பினப் பள்ளிகளின் சீர்கேட்டை அவரே கட்டுரையாக எழுதினார். அவரும் அந்தப் பள்ளிகளில் ஒன்றில்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டுக்கு வேலை புதுப்பிக்கப்படவில்லை. எந்தப் பெற்றோருக்காக எழுதினாரோ அவர்களும் துணைக்கு வரவில்லை. பிறகு சந்தா திரட்டுவதற்காக ஊர் ஊராகப் பயணம் செய்து, ஒன்பது மாதங்களுக்குள் ஆசிரியைச் சம்பளத்தை ஏறத்தாழ எட்டும் வருமானத்தை ஏட்டிலிருந்தே ஈட்டினார்.

மறுபக்கம் எழுதியது:

இதுவரை சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், இழையின் தலைப்பிலேயே இருக்கும் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். 1892-க்குப் பிறகு அவர் செய்தது செய்தித் தொழிலா, இயக்கப் பணியா? மக்களை ஊரை விட்டு வெளியேறச் சொல்லித் தலையங்கம் எழுதினார். டிராம் வண்டியைப் புறக்கணிக்கச் சொன்னார். மேடை மேடையாகப் பேசினார். கடல் கடந்து போய்ப் பிரிட்டனில் ஆதரவு திரட்டினார். பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்தார். இவை எல்லாம் போற்றத்தக்கவையே. ஆனால், ஒரு தரப்பின் வழக்கறிஞராக நிற்பவரை "முன்னோடிச் செய்தியாளர்" என்று அழைப்பதில், இரண்டு சொற்களுக்குமே நாம் தீங்கு செய்கிறோம் என்பது என் எண்ணம்.

ஈயஎழுத்து எழுதியது:

மறுபக்கம் அவர்களின் கேள்வி நியாயமானது. அதற்கு 1892 மார்ச் மாத நிகழ்ச்சிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும்.

மெம்ஃபிஸின் புறநகர்ப் பகுதியில் "பீப்பிள்ஸ் குரோசரி" என்ற மளிகைக் கடையைக் கறுப்பினத்தார் கூட்டாக நடத்தினார்கள். அதற்கு எதிரே ஒரு வெள்ளையரின் கடை. அதுவரை அந்தப் பகுதி வணிகம் முழுவதும் அவர் கையில் இருந்தது. சிறுவர்கள் கோலிக்குண்டு ஆடும்போது மூண்ட சண்டை பெரியவர்களுக்குப் பரவி, ஓர் இரவில் ஆயுதங்களோடு வந்தவர்கள்மீது கடைக்குள்ளிருந்து துப்பாக்கிச் சூடு நடந்தது. கடையைச் சேர்ந்த தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவரும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். மார்ச் 9 விடியுமுன் முகமூடிக் கும்பல் ஒன்று மூவரையும் சிறையிலிருந்து இழுத்துப் போய், ஊருக்கு வெளியே இரயில் பாதை ஓரமாகச் சுட்டுக் கொன்றது. மாஸ், ஐடாவின் நெருங்கிய நண்பர். அவருடைய மகளுக்கு ஐடா ஞானத்தாய்.

இங்கே ஒரு செய்தியை, தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அன்று காலை நாளேடு ஒன்று, கொலையின் விவரங்களை முழுமையாகத் தருவதற்காகத் தன் பதிப்பைத் தாமதப்படுத்தி வெளியிட்டது என்று ஐடா குறிப்பிடுகிறார். மாஸ் தம் உயிருக்காகவும் மனைவிக்காகவும் பிறக்கவிருந்த குழந்தைக்காகவும் மன்றாடியதும், தம் மக்களுக்கு இங்கே நீதி கிடையாது, மேற்கே போகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டதும் அந்த ஏட்டில் வந்தன. கொலையாளிகளைத் தவிர வேறு யாரும் இல்லாத இடத்தில் சொல்லப்பட்ட சொற்கள் காலைப் பதிப்பில் எப்படி வந்தன? கொலை நடக்கும்போது நிருபர் அங்கே இருந்திருக்க வேண்டும், அல்லது அங்கே இருந்தவர் நிருபருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஐடா பிடித்துக்கொண்டது இந்த நூலிழையைத்தான். எதிர்த்தரப்பு ஏடு தன்னை அறியாமல் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அது.

சிறகி எழுதியது:

டிராம் நிகழ்ச்சியையும் இங்கே சேர்க்க வேண்டும். மறுபக்கம் அவர்கள் அதை இயக்கப் பணி என்ற கணக்கில் எழுதிவிட்டார்.

கொலைக்குப் பிறகு கறுப்பின மக்கள் நகரை விட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள். போகாதவர்கள் டிராமில் ஏறுவதை நிறுத்தினார்கள். டிராம் நிறுவனத்தின் அதிகாரிகள் இருவர் ஒரு நாள் "ஃப்ரீ ஸ்பீச்" அலுவலகத்துக்கே வந்து, உங்கள் மக்கள் ஏன் ஏறுவதில்லை என்று கேட்டார்கள். வண்டிகள் அப்போதுதான் மின்சாரத்துக்கு மாறியிருந்தன. மின்சாரத்தைக் கண்டு பயப்படுகிறார்களாமே, பயமில்லை என்று எழுதுங்கள் என்பது அவர்களுடைய வேண்டுகோள். எவ்வளவு நாளாக வருமானம் குறைந்திருக்கிறது என்று ஐடா கேட்டார். ஆறு வாரமாக என்றார்கள். கொலை நடந்தும் சரியாக ஆறு வாரம்தான் ஆகிறது என்று ஐடா சொன்னார். கொலைக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை, நிறுவனம் வடக்கத்திய முதலாளிகளுடையது என்று அவர்கள் வாதிட்டார்கள். நடத்துவது தெற்கத்தியர்தானே என்று பதில் வந்தது.

அவர்கள் போனதும் ஐடா அந்த உரையாடலை அப்படியே எழுதி அடுத்த இதழில் வெளியிட்டார். செல்வாக்கைப் பயன்படுத்தச் சொல்லி வந்தவர்கள், தங்களை அறியாமலேயே பேட்டி கொடுத்துவிட்டுப் போனார்கள். வருமானம் விழுந்தது, எவ்வளவு நாளாக விழுந்தது என்ற இரண்டையும் நிறுவனத்தின் வாயாலேயே பதிவு செய்துகொண்ட பிறகுதான், புறக்கணிப்பைத் தொடருங்கள் என்று எழுதினார். இதில் செய்தி எங்கே முடிகிறது, இயக்கம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட என்னால் முடியவில்லை.

பிழைதிருத்தி எழுதியது:

முக்கியமான ஒரு திருப்பம் விடுபட்டுவிட்டது. 1892-க்கு முன்னர் ஐடாவே, லிஞ்சிங் எனப்படும் கும்பல் கொலை முறையற்றதாயினும், பாலியல் வன்கொடுமைக்கு எதிரான ஆத்திரத்தில் நடப்பது என்ற பொதுக்கருத்தை நம்பியிருந்தார். அதை அவர் தன்வரலாற்றில் மறைக்கவில்லை. மாஸும் மற்ற இருவரும் அப்படிப்பட்ட எந்தக் குற்றச்சாட்டுக்கும் ஆளாகாதவர்கள். அவர்களுடைய குற்றம், எதிர்க்கடைக்காரரின் வணிகத்தைக் குறைத்தது. அப்படியானால் மற்ற கொலைகளில் சொல்லப்பட்ட காரணங்கள் உண்மையா என்ற ஐயம் அவருக்கு அப்போதுதான் எழுந்தது. தாம் நம்பியதையே முதலில் சோதிக்கப் புறப்பட்டவரை வெறும் வழக்கறிஞர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடிமை ஒழிப்புக்காகப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் போன்ற பெருந்தலைவரும், ஐடாவின் கட்டுரையைப் படிக்கும்வரை அந்தக் குற்றச்சாட்டுகளால் மனம் குழம்பியிருந்ததாக அவரிடமே ஒப்புக்கொண்டார்.

ஈயஎழுத்து எழுதியது:

பிழைதிருத்தி சொன்னது மிகச் சரி. நான் அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அந்த ஐயத்தை அவர் எப்படித் தீர்த்துக்கொண்டார் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மிசிசிப்பியில் ஷெரீஃப் ஒருவரின் ஏழு வயது மகளைக் கெடுத்ததற்காகக் கறுப்பினத்தவர் ஒருவர் கொல்லப்பட்டார் என்று செய்தி நிறுவனத் தந்தி நாடெங்கும் போயிற்று. ஐடா அந்த ஊருக்கே போய் விசாரித்தார். "ஏழு வயதுக் குழந்தை", பதினேழு வயது கடந்த பெண்; கொல்லப்பட்டவரின் குடிசையில் தந்தை அவளைக் கண்டிருக்கிறார். ஒரே ஓர் எண். நேரில் போய்ப் பார்க்காமல் மேசையில் உட்கார்ந்திருந்தால், நானும் அந்தத் தந்தியை நறுக்கித் தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பியிருப்பேன்.

1892 மே 21 தலையங்கத்தில், முந்தைய இதழுக்குப் பின் எட்டுப் பேர் கும்பல்களால் கொல்லப்பட்டதைச் சொல்லி, வன்கொடுமை என்ற பழைய பொய்யை இந்தப் பகுதியில் எவரும் நம்புவதில்லை என்று எழுதினார். பல நேரங்களில் அது இருவர் விருப்பத்தோடு நடந்த உறவு என்பதையும் குறிப்பாக உணர்த்தினார். பெயரிடாத தலையங்கம் என்பதால் எழுதியவர் ஆண் என்றே நகர ஏடுகள் முடிவு செய்து, அவரை என்ன செய்ய வேண்டும் என்பதை, திருப்பிச் சொல்லவே கூசும் சொற்களில் அச்சிட்டன. சில நாள்களில் அலுவலகம் சூறையாடப்பட்டது. பங்காளி ஃபிளெமிங் முன்னதாகவே தப்பிவிட்டார். ஐடா அப்போது கிழக்குக் கரைக்குப் பயணம் போயிருந்தார். "நியூயார்க் ஏஜ்" ஆசிரியர் தாமஸ் ஃபார்ச்சூன் இரயிலடியில் அவரை எதிர்கொண்டபோதுதான் செய்தி தெரிந்தது. திரும்பி வந்தால் கொல்லப்படுவார் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது.

"நியூயார்க் ஏஜ்" ஏட்டில் ஐடாவுக்கு நான்கில் ஒரு பங்கு கிடைத்தது. அதற்கு அவர் கொடுத்த விலை, கையில் எஞ்சியிருந்த ஒரே சொத்தான "ஃப்ரீ ஸ்பீச்" சந்தாதாரர் பட்டியல். அச்சகம் போனாலும் சந்தாப் பட்டியல் இருந்தால் ஏடு சாகவில்லை என்பதை எங்கள் பழைய விநியோக மேலாளர் அடிக்கடி சொல்லுவார்.

ஜூன் 25 அன்று முதல் பக்கத்தில், "நாடுகடத்தப்பட்டவர்" என்ற கையொப்பத்துடன் ஏழு பத்திக் கட்டுரை வந்தது. பெயர், நாள், இடம் எல்லாம் அதில் இருந்தன. பத்தாயிரம் பிரதிகள் அச்சிட்டார்கள். அவற்றில் ஆயிரம், மெம்ஃபிஸ் தெருக்களிலேயே விற்றன. பின்னர் அதைச் சிறுநூலாக்கியபோது, தம்மைக் கொல்லச் சொன்ன நகர ஏடுகளின் வரிகளையும் அப்படியே எடுத்துச் சேர்த்தார். மிரட்டலையே சான்றாவணமாக்கும் இந்த வித்தையை அவர் கடைசிவரை கைவிடவில்லை.

நடைவண்டி எழுதியது:

புள்ளிவிவரங்களை அவர் எங்கிருந்து எடுத்தார்? அரசு அப்படி ஏதும் திரட்டியதா?

சிறகி எழுதியது:

அரசு திரட்டவில்லை. "சிகாகோ ட்ரிப்யூன்" நாளேடு ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியலைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அது வெள்ளையர் நடத்திய ஏடு. மிகைப்படுத்துகிறார் என்ற குற்றச்சாட்டு எழவே கூடாது என்பதற்காக, 1895-இல் வெளிவந்த "சிவப்புப் பதிவேடு" என்னும் நூலில் அந்தப் பட்டியல்களையே அடிப்படையாக்கினார். 1892-ஆம் ஆண்டில் மட்டும் கொல்லப்பட்ட 241 பேரில் 160 பேர் கறுப்பினத்தார். அந்த 160 பேர்மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், கொலை என்று 58, வன்கொடுமை என்று 46. வெறும் இனவெறுப்பு என்று 6. காரணமே சொல்லப்படாதவை 4. பெண்களைக் காக்கத்தான் இந்தக் கொலைகள் என்ற வாதம், எதிர்த்தரப்பின் கணக்கிலேயே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. அந்த 46-உம் குற்றச்சாட்டு மட்டுமே. எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொன்னதன்று.

1899-இல் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் எரித்துக் கொல்லப்பட்டபோதும் இதே முறைதான். அதைப் பற்றி ஐடா வெளியிட்ட சிறுநூலின் முற்பகுதி முழுவதும் அட்லாண்டா நாளேடுகள் எழுதியவை; பிற்பகுதி, சிகாகோ மக்கள் பணம் திரட்டி அனுப்பிய துப்பறிவாளரின் அறிக்கை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, ஐடா சற்றே விலகி நிற்கிறார்.

மறுபக்கம் எழுதியது:

நீங்கள் மூவரும் சொன்னவற்றைப் படித்தபின், அவருடைய சரிபார்ப்பு முறையை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் ஐயம் முழுவதும் தீரவில்லை. 1892 அக்டோபரில் நியூயார்க்கின் லிரிக் மண்டபத்தில், கறுப்பினப் பெண்கள் கூட்டிய கூட்டத்தில் அவர் தம் கதையைப் படித்தார். நிதி 500 டாலர் திரண்டது. அழுதுகொண்டே படித்தார் என்கிறார்கள். செய்தியாளர் தாமே செய்தியாகி, கண்ணீரோடு மேடையில் நிற்பதை எந்தக் கணக்கில் வைப்பது?

சிறகி எழுதியது:

அந்த மாலையைப் பற்றி ஐடா எழுதியிருப்பதைப் பாருங்கள். எழுதிக் கொண்டுவந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் படிக்கிறார். மெம்ஃபிஸ் நண்பர்களின் நினைவு வந்ததும் கண்ணீர் வழிகிறது. குரல் உடையாமல் படிப்பதைத் தொடர்ந்தபடியே, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் நீட்டி, மேடையில் பின்னால் இருந்த பெண்களிடம் கைக்குட்டை வேண்டும் என்று சைகை காட்டுகிறார். தம் பலவீனத்தைக் காட்டிவிட்டோமே என்று பிறகு வெட்கப்பட்டார். கண்ணீரை அவர் கருவியாக்கவில்லை. அதை மறைக்க முயன்று தோற்றார். அன்று அவருக்குப் பேனா வடிவில் செய்த தங்க ஊசியைப் பரிசாக அணிவித்தார்கள். வந்திருந்தவர்கள் அவரை எந்தக் கணக்கில் வைத்தார்கள் என்பதை அந்தப் பேனா சொல்லிவிடுகிறது.

மேலும், 1894-இல் பிரிட்டனுக்கு அவர் இரண்டாம் முறை சென்றபோது "சிகாகோ இன்டர் ஓஷன்" என்னும் வெள்ளையர் நாளேட்டின் ஊதியம் பெறும் நிருபராகச் சென்று, அங்கிருந்து கட்டுரைகள் அனுப்பிவந்தார். நாளேட்டு முதலாளி அவரைச் செய்தியாளராகத்தான் கருதினார்.

பிழைதிருத்தி எழுதியது:

திருமண வாழ்வைப் பற்றி ஒரு வரி. 1895 ஜூன் 27 அன்று வழக்கறிஞரும் "கன்சர்வேட்டர்" ஏட்டை நிறுவியவருமான ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்தார். மேடைப் பேச்சு நாள்கள் குறுக்கிட்டதால் திருமண நாள் மூன்று முறை மாறியது. அந்த ஏட்டின் பொறுப்பையும் ஐடாவே ஏற்றுக்கொண்டார். பெயரை வெல்ஸ்-பார்னெட் என்று இணைத்து எழுதினார்.

ஈயஎழுத்து எழுதியது:

கடைசியாக ஒன்று. ஆர்கன்சா மாநிலத்தின் எலைன் பகுதியில், 1919 இலையுதிர் காலத்தில், பருத்திக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் அமைத்த கறுப்பின உழவர்கள் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்களில் பன்னிருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது ஐடாவுக்கு ஐம்பத்தேழு வயது. தெற்கில் கால்வைத்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கைதிகளைப் பார்க்க வந்த மனைவியர், தாய்மார் கூட்டத்தோடு கூட்டமாக, உறவுக்காரப் பெண் என்று சொல்லிச் சிறைக்குள் போனார். காவலர் யாரும் நடுவயதுப் பெண் ஒருத்தியை ஏறிட்டும் பார்க்கவில்லை. கைதிகள் பாடிய பாடல்கள் எல்லாம் சாவையும் மறுமையையும் பற்றியே இருந்ததைக் கேட்டு, சாவைப் பற்றிப் பாடுவதை விடுங்கள், விடுதலைக்காக வேண்டுங்கள் என்றாராம். ஆனால், அவர் அங்கே செய்த முதன்மையான வேலை வேறு. ஒவ்வொருவரிடமும், எத்தனை ஏக்கர் பருத்தி, எத்தனை மூட்டைச் சோளம், எத்தனை கால்நடை பறிபோயின என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த எண்ணிக்கைகள் 1920-இல் வெளிவந்த சிறுநூலில் உள்ளன. கலகம் என்று ஏடுகள் எழுதியதற்குள் விளைச்சல் பறிப்பு இருந்ததை அந்தக் கணக்குத்தான் காட்டியது. 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 1925-க்குள் பன்னிருவரும் வெளியே வந்தார்கள். அதற்காக உழைத்தவர்கள் பலர். ஐடா அவர்களுள் ஒருவர் என்று சொல்வதே சரி.

நடைவண்டி எழுதியது:

எங்கே தொடங்கிப் படிப்பது?

சிறகி எழுதியது:

1892-இல் வந்த முதல் சிறுநூலில் தொடங்குங்கள். ஒரே அமர்வில் முடித்துவிடலாம். தன்வரலாற்றைப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். 1931 மார்ச்சில் அவர் இறந்தபோது அது முடிவடைந்திருக்கவில்லை. கடைசி வாக்கியம் பாதியிலேயே நிற்கிறது. மகள் ஆல்ஃப்ரீடா அதைச் செம்மைப்படுத்தி அச்சேற்ற 1970 வரை ஆயிற்று.

மறுபக்கம் எழுதியது:

"சிவப்புப் பதிவேடு" நூலின் இறுதி அத்தியாயத்தை இன்று மீண்டும் படித்தேன். என்ன செய்யலாம் என்று வாசகருக்கு வரிசையாகச் சொல்கிறார்: சங்கங்களில் தீர்மானம் நிறைவேற்றுங்கள், நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட தீர்மானத்தை ஆதரியுங்கள் என்றெல்லாம். செய்தியாளர் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால், அந்தப் பட்டியலில் முதலாவதாக அவர் கேட்டிருப்பது, இந்நூலில் உள்ள உண்மைகளை உங்களுக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள் என்பது. அந்த ஒன்றில் எனக்கு மறுப்பில்லை, மற்றவற்றில் உண்டு.